தொண்டைமான் கொட்டிலும் தோட்டா இல்லாத துப்பாக்கியும்



புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அளவிற் சிறியது. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். அப்போது அவர் பாடியது அது. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, மாலை சாத்தி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த பெரிய மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, கொல்லனுடைய சிறிய பட்டறையில் கிடக்கின்றன. இவ்வளவுதான் செய்தி. புகழ்வது போலப் பழிப்பதும் பழிப்பது போலப் புகழ்வதுமாகிய இப்பாட்டை வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கற்பித்து நகர்வது வகுப்பறைகளின் வழக்கமாகிவிட்டது. ஆயின் இதில் ஒரு கேள்வி உள்ளது. படைக்கலம் எப்போது படைக்கலமாக இருக்கிறது, எப்போது அணிகலன் ஆகிவிடுகிறது என்பதே அக்கேள்வி. கொரிய நாட்டின் நிழலுலகத் திரைப்படங்களில் வரும் துப்பாக்கிகளை நோக்குவதற்கு இக்கேள்வியே தக்க வாயில்.

திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கொரியப் படங்களைப் பற்றிப் பேசுவது வலிந்து செய்யும் காரியம் அன்று. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்கொண்டது. 1998-இல் அங்கிருந்து முதல் மகிழுந்து வெளிவந்தது. 2007-இல் திருப்பெரும்புதூரில் சாம்சங் ஆலை தொடங்கியது. அவற்றைப் பின்தொடர்ந்து உதிரிப்பாக நிறுவனங்கள் பலவும் கொரியக் குடும்பங்களும் கொரிய உணவகங்களும் வந்தன. 2006 முதல் சென்னையில் இயங்கிவரும் இந்தோ-கொரியப் பண்பாட்டு மையம் படவிழாக்களை நடத்தியுள்ளது. இராமானுசர் பிறந்த ஊர், 1991 மே 21-ஆம் நாளின் துயரத்தைச் சுமக்கும் ஊர் என்ற இரண்டோடு, கொரிய எழுத்தில் கடைப்பலகை தொங்கும் ஊர் என்ற மூன்றாம் அடையாளமும் திருப்பெரும்புதூருக்குச் சேர்ந்துவிட்டது. விடுதி அறையில் கைப்பேசித் திரையில் கொரியப் படம் பார்க்கும் தொழிலாளி, அதில் ஒரு குழந்தை தந்தையை 'அப்பா' என்றழைப்பதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருகிறான். (1905-லேயே ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதிவிட்டார். அவர் முடிவுகளை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் 'அப்பா' என்ற சொல்லின் கவர்ச்சி குறையவில்லை.)

அவ்வாறு பார்ப்பவர்கள் விரைவில் ஒன்றைக் கவனிக்கின்றனர். அமெரிக்க நிழலுலகப் படத்தில் துப்பாக்கி சட்டைப் பொத்தானைப் போல எங்கும் இருக்கும். கொரியப் படத்தில் இருப்பவை மீன் அரியும் கத்தி, அடிப்பந்தாட்ட மட்டை, இரும்புக் குழாய், சுத்தியல் ஆகியவையே. நூறு பேர் மோதும் காட்சியிலும் ஒருவர் கையிலும் துப்பாக்கி இராது.

இதற்கு முதற்காரணம் சட்டம். தென்கொரியாவில் குடிமகன் ஒருவன் துப்பாக்கி வைத்துக்கொள்வது அரிதினும் அரிது. உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கியும் வீட்டில் இருப்பதில்லை. காவல் நிலையத்தில் இருக்கும். வேட்டைப் பருவத்தில் எடுத்துச் சென்று திருப்பித் தரவேண்டும். நம் நாட்டில் தேர்தல் காலத்தில் மட்டும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதுண்டு. அங்கே ஆண்டு முழுவதும் தேர்தல் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு முரணும் உண்டு. உடல்தகுதியுள்ள கொரிய ஆடவர் அனைவரும் படைப்பணி ஆற்றியாகவேண்டும். தரைப்படையில் அது இப்போது 18 மாதம். ஆகவே அந்நாட்டு ஆடவருள் பெரும்பாலோர் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டத் தெரிந்தவர்கள். ஆனால் எவரிடமும் துப்பாக்கி இல்லை. கை அறியும், கைக்கு எட்டாது.

இரண்டாவது காரணம் நினைவு. கொரியருடைய அண்மைக்கால வரலாற்றில் துப்பாக்கி அரசினுடையது. 1979 அக்டோபர் 26 அன்று அதிபர் பார்க் சுங்-ஹீயை ஒரு விருந்தில் சுட்டுக் கொன்றவர் அவருடைய உளவுத்துறைத் தலைவரே. அவர் கைத்துப்பாக்கி இடையில் இயங்க மறுத்தது. வேறொன்றை வாங்கி வந்து மீண்டும் சுட்டார். 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் படையினர் குடிமக்களைச் சுட்டபோது, மக்கள் காவல் நிலையக் கிடங்குகளைத் திறந்து துப்பாக்கி எடுத்தனர். சில நாள்களில் அவர்களுக்குள்ளேயே குழு அமைத்து அவற்றுள் பலவற்றைத் திரும்பச் சேகரிக்கவும் செய்தனர். 2024 டிசம்பர் 3 இரவு படையாட்சி அறிவிக்கப்பட்டபோது நாடாளுமன்ற வாயிலில் ஒரு பெண் அரசியலாளர் படைவீரர் ஒருவரின் துப்பாக்கியைக் கையால் பற்றி நின்ற காட்சியை உலகம் கண்டது. இந்த நினைவுகளோடு அரங்கில் அமர்ந்திருப்பவனுக்குத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளாகத் தோன்றாது.

இனிப் படங்களுக்கு வருவோம்.

க்வாக் கியோங்-டேக் இயக்கிய 'நண்பன்' 2001-இல் வெளிவந்து எண்பது லட்சத்திற்கும் மேற்பட்டோரை அரங்குக்கு அழைத்தது. பூசான் துறைமுக நகரில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள் எதிரெதிர்க் கூட்டங்களில் சேர்ந்து மாய்ந்துபோகும் கதை. அதன் உச்சம் மழையில் நடக்கும் ஒரு கத்திக்குத்து. குத்துபவன் குத்துப்படுபவனை ஏறத்தாழத் தழுவிக்கொள்ளவேண்டியிருக்கிறது. கத்தி நெருக்கத்தைக் கேட்கும் கருவி. இந்நெருக்கம் கூட்டத்தின் அமைப்போடு பொருந்துவது. மூத்தவனை 'ஹியோங்-நிம்' என்று அழைக்கிறார்கள். நம் வழக்கில் 'அண்ணே' என்பதோடு மரியாதை விகுதி சேர்த்தது போன்றது. உறவுமுறை சொல்லி அழைக்கப்படும் இடத்தில் கத்திதான் செல்லும். தூரத்திலிருந்து சுடுபவன் உறவை முதலிலேயே அறுத்துவிட்டவன்.

ஆனால் கத்திப் படங்கள் மேன்மையானவை என்று இதனால் முடிவுகட்டிவிடலாகாது. 'நண்பன்' கூட்டாளிகளின் வாழ்வை அழகுபடுத்தியது என்ற குற்றச்சாட்டு அந்நாட்டிலேயே எழுந்தது. அப்படத்தைப் பன்முறை கண்ட பூசான் மாணவன் ஒருவன் அதே ஆண்டில் வகுப்பறையில் உடன் பயின்றவனைக் குத்திக் கொன்றான். திரைக்கும் தெருவுக்கும் தொடர்பில்லை என்று உறுதி கூறுவோர் அந்தச் செய்தியைத் தாண்டித்தான் செல்லவேண்டும்.

பார்க் சான்-ஊக் இயக்கிய 'ஓல்ட் பாய்' (2003) படத்தில் நாயகன் சுத்தியலோடு ஒரு நீண்ட நடைவழியில் தனியனாகப் பலரை எதிர்கொள்வான். வெட்டில்லாத அந்த ஒற்றைக் காட்சியை மூன்று நாள்களில் பதினேழு முறை எடுத்ததாகக் கூறுவர். பலரும் அதைப் பேசுவர். அப்படத்தில் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்பதைச் சிலரே பேசுவர். அது மாடிக் கோபுரத்தில் வாழும் செல்வனிடம் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவனுக்குத் தச்சன் கருவி, அடைத்துவைத்தவனுக்குக் கைத்துப்பாக்கி. வகுப்பு வேறுபாட்டை ஒரு வரி வசனமும் இன்றிச் சொன்ன முறை இது.

கிம் ஜீ-ஊன் இயக்கி 2005-இல் வந்த 'கசப்பும் இனிப்புமான வாழ்வு' என்னும் படம்தான் கொரிய நிழலுலகப் படங்களில் துப்பாக்கியைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தது. நாயகன் சுன்-ஊ ஒரு விடுதியின் மேலாளன், தலைவனின் நம்பிக்கைக்குரியவன். தலைவன் வெளியூர் செல்லும் மூன்று நாள்கள் அவனுடைய இளம் காதலியைக் கண்காணிக்கவேண்டும். அவளுக்கு வேறொருவன் இருந்தால் முடித்துவிடவேண்டும். சுன்-ஊ கண்டுபிடிக்கிறான்; ஆனால் இருவரையும் போகவிடுகிறான். ஏன் விட்டான் என்பதைப் படம் சொல்வதில்லை. அவனுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. இதற்குத் தண்டனையாக உயிரோடு மண்ணில் புதைக்கப்படுகிறான், மீள்கிறான், எரியும் கட்டையைப் பிடுங்கிப் போரிட்டுத் தப்புகிறான். அதுவரை அவன் கையில் துப்பாக்கி இல்லை. அதற்குப் பிறகுதான் கள்ளச்சந்தையில் துப்பாக்கி வாங்கச் செல்கிறான்.

அந்த வாங்கும் காட்சி படத்தின் உயிர்நாடி. தலைவனுக்கு நெருக்கமாக இருந்தவனுக்கும் துப்பாக்கி எங்கே கிடைக்கும் என்று தெரியாது; விசாரித்துத்தான் போகவேண்டியிருக்கிறது. விற்பவன் அதைப் பிரித்துப் பூட்டும் முறையைக் காட்டுகிறான். இடையில் ஐயம் எழுகிறது. இருவர் முன்னும் பிரித்த துப்பாக்கிகள். யார் முதலில் பூட்டி முடிப்பாரோ அவரே உயிரோடு எழுவார். படைப்பயிற்சி பெற்ற நாட்டினர்க்கு அக்காட்சி தரும் நடுக்கம் வேறு. நமக்குத் தரும் நடுக்கம் வேறு. ஒரகடத்தில் உறுப்புகளைப் பூட்டும் வரிசையில் நிற்பவர்க்கோ அது மூன்றாவது வகையில் புரியும். ஒரு பொருள் முழுமை அடைவதற்கு எத்தனை கையசைவுகள் தேவை, அவற்றுள் ஒன்று பிழைத்தால் என்னாகும் என்பது அவர்கள் நாள்தோறும் செய்யும் கணக்கு.

அந்தத் துப்பாக்கியோடு விடுதிக்குத் திரும்பும் சுன்-ஊவுக்கு இனி அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. தலைவனிடம் அவன் கேட்பது ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பதையே. சுடுவதற்கு முன் கேட்கிறான். தக்க விடை வரவில்லை. இறுதியில் அவனை வீழ்த்துபவன் கூட்டத்தான் அல்லன். துப்பாக்கி விற்றவனின் உடன்பிறந்தான். வாங்கிய பொருளின் விலை முழுவதும் அப்போதுதான் கட்டப்படுகிறது.

பெண்ணின் கையில் துப்பாக்கி வந்தால் என்னாகும் என்பதற்கு அதே ஆண்டில் வெளிவந்த 'வஞ்சம் தீர்க்கும் சீமாட்டி' என்னும் பார்க் சான்-ஊக்கின் படத்தைச் சொல்லலாம். அது நிழலுலகப் படம் அன்று, ஆயினும் விடமுடியாதது. சிறையிலிருந்து வெளிவரும் கும்-ஜா, தனக்கென்று ஒரு துப்பாக்கியைச் செய்வித்துக்கொள்கிறாள். வரைபடம் சிறையில் ஒரு முதியவள் தந்த சமய நூலுக்குள் இருந்தது. இரட்டைக் குழல், வெள்ளிப் பூவேலை செய்த பிடி. அழகாக இருக்கவேண்டும் என்பது அவள் விதித்த ஒரே கட்டளை. ஆனால் கணக்குத் தீர்க்கும் நாளில், பிள்ளைகளை இழந்த பெற்றோர் ஒருவர்பின் ஒருவராகக் கையிலெடுப்பவை கத்தியும் கோடரியுமே. தொண்டைமானின் மயிற்பீலி இந்த வெள்ளிப் பிடியில் ஒட்டியிருப்பது தெரிகிறது.

ஒளவையாருக்கு மிக நெருங்கிய கொரியப் படம் எது என்று கேட்டால், யூன் ஜோங்-பின் இயக்கிய 2012-ஆம் ஆண்டுப் படமே என்று தயங்காமல் கூறலாம். வெளிநாடுகளில் 'நேம்லெஸ் கேங்ஸ்டர்' என்று வழங்கும் அதன் கொரியப் பெயர் 'குற்றத்தின் மீதான போர்'. 1990 அக்டோபரில் அதிபர் ரோ டே-ஊ அறிவித்த நடவடிக்கையின் பெயர் அது. சோய் மின்-சிக் ஏற்ற ஐக்-ஹியன் பூசான் துறைமுகச் சுங்க அலுவலர், கையூட்டுப் பெறுபவர், வேலை போகும் தறுவாயில் கடத்தல் போதைப்பொருள் ஒன்று கையில் சிக்க, ரௌடித் தலைவன் ஒருவனிடம் செல்கிறார். அவனை வயப்படுத்தியது பணம் அன்று, வலிமையும் அன்று, குடிவழி. இருவரும் ஒரே சோய் குலம். தலைமுறைக் கணக்கில் தாம் பாட்டன் முறை என்று நிறுவி, ஊரே அஞ்சும் ரௌடியைக் காலில் விழவைக்கிறார்! பங்காளி முறை, மாமன் முறை, யார் யாருக்கு எழுந்து நிற்கவேண்டும் என்பதெல்லாம் நன்கறிந்த தமிழர்க்கு அக்காட்சியில் மொழிபெயர்ப்பு வரி தேவைப்படாது.

இந்த ஐக்-ஹியனிடம் ஒரு கைத்துப்பாக்கி உண்டு. ஜப்பானிய நிழலுலகத்தாரிடமிருந்து பரிசாக வந்தது. அதில் தோட்டா இல்லை. கதை நெடுக அதை அவர் வைத்திருக்கிறார். நீட்டி மிரட்டவும் செய்கிறார். தோட்டா மட்டும் வருவதில்லை. அவருடைய உண்மையான படைக்கலம் அவர் பையிலிருக்கும் சிறிய முகவரிக் குறிப்பேடு. அதில் அரசு வழக்கறிஞர், அலுவலர், உறவினர் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. ஓரத்தில் தேய்ந்து, புரட்டிப் புரட்டி அழுக்கேறிய அக்குறிப்பேடு அதியமானின் முறிந்த வேல். பளபளக்கும் துப்பாக்கி தொண்டைமானின் வேல். ரௌடியும் அல்லாத குடிமகனும் அல்லாத ஒருவரின் கையில் சுடவும் முடியாத எறியவும் முடியாத ஒரு துப்பாக்கியைக் கொடுத்த இயக்குநரின் நுண்மை வியக்கத்தக்கது. உண்மையான ரௌடிகள் சிறை செல்கின்றனர், குறிப்பேட்டுக்காரர் தப்பிக்கிறார், அவர் மகன் அரசு வழக்கறிஞன் ஆகிறான்.

தமிழ்நாட்டுத் திரையும் நெடுங்காலம் கொரியத் திரையைப் போலவே இருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. காரணமும் ஏறத்தாழ ஒன்றே. 1801 அக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிக்கை பாளையங்களின் படைக்கலங்களைப் பறித்தது. 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதை நாடு முழுவதும் குற்றமாக்கியது. எஞ்சியது அரிவாள். அது வயலுக்குரியது, பறிக்க இயலாதது. 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமென அமைந்த கருவிகளைப் படைக்கலம் என்ற வரையறைக்குப் புறத்தே வைக்கிறது. 'தேவர் மகன்' (1992) முதல் 'புதுப்பேட்டை' (2006) வரை திரையில் மின்னிய அரிவாளுக்குப் பின்னால் இவ்வளவு சட்ட வரலாறு இருக்கிறது. மீன் அரியும் கத்தியும் கதிர் அரியும் அரிவாளும் ஒரே வழியில் வந்த உடன்பிறப்புகள்.

துப்பாக்கி எடுத்தவன் தனியன் ஆகிறான் என்ற கொரிய விதிக்கும் நம் வரலாற்றில் சான்றுண்டு. 1911 சூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதன் அடுத்த குண்டு அவருக்கே ஆயிற்று. 1967 சனவரி 12 அன்று எம்.ஜி.ஆரும் எம்.ஆர்.இராதாவும் குண்டடிபட்ட நிகழ்வை முதியோர் அறிவர். தமிழகம் நெடுங்காலம் பேசிய அத்துப்பாக்கிச் சூடு ரௌடிகள் நடத்தியது அன்று, நடிகர்களுக்கிடையே நேர்ந்தது.

அண்மைக்காலத்தில் நிலை மாறிவிட்டது. 'கைதி' (2019), 'விக்ரம்' (2022) ஆகியவற்றின் இறுதியில் நாயகர் கையில் பெரும் எந்திரத் துப்பாக்கிகள் முழங்குகின்றன. எங்கிருந்து வந்தது, எவர் விற்றார், என்ன விலை என்பன கேட்கப்படுவதில்லை, அரங்கு கைதட்டுகிறது. கொரியப் படம் துப்பாக்கிக்குத் தந்த எடையை நம் படம் அதன் ஒலிக்குத் தந்துவிட்டது. இதை ஒழுக்கக்கேடு என்பதைவிடக் கலைக்குறை என்பதே பொருத்தம். ஆயிரம் தோட்டா பாயும் காட்சியில் எந்தத் தோட்டாவும் கதையை மாற்றுவதில்லை. (குறள் 12-இல் 'துப்பாக்கி' என்ற சொல் வருகிறது என்று மாணவர்கள் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அது உணவை உண்டாக்கி என்ற பொருளில் மழையைப் பற்றியது. துருக்கிய வழி வந்த இத்துப்பாக்கிக்கும் அதற்கும் ஒலியொற்றுமை தவிர ஏதும் இல்லை. இன்றைய திரைத் துப்பாக்கியிலும் ஒலியே மிச்சம்.)

ஒரகடத்தில் துப்பாக்கி செய்யும் ஆலை இல்லை. அந்த வேலை திருச்சிராப்பள்ளியில் நடக்கிறது. ஆனால் ஒரகடத்தில் துப்பாக்கியின் பெயர் நாள்தோறும் வார்க்கப்படுகிறது. 2013 முதல் இங்கு இயங்கும் ராயல் என்ஃபீல்டு ஆலையின் பெயர், இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு 1890-களில் உறுப்புகள் செய்து கொடுத்ததன் வழியே வந்தது. 1857 கிளர்ச்சிக்குத் திரியிட்ட கொழுப்புத் தடவிய தோட்டாக்களும் அந்த ஊர்ப் பெயர் தாங்கிய துப்பாக்கிக்கு உரியவையே. வண்டியின் சின்னம் பீரங்கி. துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்பது அதன் பழைய விளம்பர வாசகம். புகழ்பெற்ற வண்டியின் பெயர் 'புல்லட்'. சுடாத துப்பாக்கியும் பாயாத தோட்டாவும் மக்களை வேலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியாக உருமாறியது நல்ல செய்தியே. அணிகலன் ஆன படைக்கலம் எல்லாம் இகழத்தக்கது அன்று.

இகழத்தக்கதும் உண்டு. இவ்வட்டாரத்தில் ஆலைகள் பெருகியபின், நில விற்பனையும் பழைய இரும்பு ஒப்பந்தமும் கூட்டங்களை வளர்த்தன. அதையொட்டிய கொலைகளை நாளிதழ் படிப்போர் அறிவர். 2018 பிப்ரவரி 6 இரவு, குன்றத்தூரை அடுத்த மலையம்பாக்கத்தில் ரௌடி ஒருவனின் பிறந்தநாள் விழா நடந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை சுற்றி வளைத்துப் பிடித்தது. அவ்விழாவில் பிறந்தநாள் இனிப்பை வெட்டப் பயன்பட்டது நீண்ட அரிவாள். அந்தக் காட்சி படமாகி எங்கும் பரவியது. அதன்பின் தமிழகத்தின் பல ஊர்களில் அதே போன்று வெட்டி, படம் எடுத்து, பரப்பி, கைதான இளைஞர்களைப் பற்றிய செய்தி வந்தவண்ணமே இருக்கிறது. அவர்களுள் பலர் எந்தக் கூட்டத்திலும் இல்லாதவர்கள். ஐக்-ஹியனாவது தம் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை அறிந்திருந்தார்.

நெல்லும் அறுக்காமல் விறகும் பிளக்காமல் பாலாடை தடவிய அந்த அரிவாள்கள் பளபளப்பு மாறாமல் கைப்பற்றப்படுகின்றன. மயிற்பீலிக்கு மாற்றாக வழக்கு எண் எழுதிய அட்டை கட்டி, காவல் உள்ள அறையில் அடுக்கிவைக்கிறார்கள்.